மேடையில் நின்ற எங்கள் வீட்டுக் கதவு

எழுபத்தொன்பதாம் ஆண்டு தவக்காலத்தில் என் அண்ணி, மகள் ரோசியைக் கூட்டிக்கொண்டு அரியாங்குப்பத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். காரணம் என் அண்ணன் அந்தோணியின் குடி. பஞ்சாலையில் நல்ல ஃபிட்டர் அவர். வேலை விட்டால் சாராயக்கடை, பிறகு வீட்டில் சத்தம். "அவரு நிறுத்தனாதான் திரும்பி வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணி பஸ் ஏறினார்.

எங்களுக்குத் தாய் தகப்பன் இல்லை. வீட்டில் நானும் அண்ணனும் மட்டும் மிஞ்சினோம்.

நான் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பு முடித்து, ஒரு கட்டட அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தேன். எதையும் பட்டியல் போட்டுப் பார்ப்பது என் பழக்கம். அண்ணனுக்காகச் செய்ததையும் எழுதிப் பார்த்தேன். கெஞ்சியது. திட்டியது. பேசாமல் இருந்தது. டாக்டரிடம் அழைத்துப் போனது. மெழுகுவர்த்தி நேர்ந்தது. ஒவ்வொன்றையும் சிவப்புப் பென்சிலால் அடித்தேன். கடைசியில், "ஆண்டவரே, எனக்கு வேறு வழி தெரியவில்லை" என்று எழுதி நோட்டை மூடினேன். அழுகைகூட வரவில்லை.

ஆகஸ்டில் எங்கள் பங்குக் கோயில் திருவிழா. அதன் நாடகத்தில் நடிக்கிறவர்கள் கொடியேற்றத்திலிருந்து தேர் வரைக்கும் பத்து நாள் விரதம் இருக்க வேண்டும். மாமிசமும் குடியும் கூடாது. நாடகத்தை எழுதிய உபதேசியார், குடிகாரன் வேடத்துக்கு அண்ணனைக் கேட்டார்.

"அந்தோணி, உனக்கு ஒத்திகையே வேணாம்பா!"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். "பத்து நாளு குடிக்காம குடிகாரனா நடிக்கணுமா? நல்லா இருக்குது உபதேசியாரே உங்க ஞாயம்!"

ஆனாலும் கொடிமரத்தைத் தொட்டு ஒப்புக்கொண்டார். தூக்கம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினார்.

நாடகத்துக்குத் துணியில் ஒரு வீட்டுக் கதவு வரைந்து தரும் வேலை எனக்கு வந்தது. கற்பனையாக வரைய எனக்கு வராது, அளந்துதான் வரைவேன். கைக்கு எட்டியது எங்கள் வீட்டுக் கதவு. டேப் பிடித்து அளந்தேன். பச்சை வண்ணம், கழன்ற தாழ்ப்பாள், ரோசியின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அண்ணன் நிலையில் போட்ட உயரக் கோடுகள் நான்கு, எல்லாம் இருந்தபடியே துணியில் வந்துவிட்டன. அண்ணன் இதைப் பார்ப்பாரே என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒத்திகை எல்லாம் கதவு இல்லாமலே நடந்தது.

திருவிழா ஞாயிறு மாலை நாடகம். அண்ணியும் ரோசியும் வந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் தள்ளாடிக்கொண்டே மேடைக்கு வந்ததும் ஒரே விசில். கதவைத் தட்டிக் கத்துவதற்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அதுவும் நடிப்பு என்று ஜனங்கள் இன்னும் சிரித்தார்கள்.

அப்போது ரோசியின் குரல் கேட்டது. "அம்மா, அது நம்ம வூட்டு கதவும்மா! அப்பா ஏன் வெளிய நிக்குது?"

சிரிப்பு அடங்கிவிட்டது. அண்ணன் நிமிர்ந்து நின்று, நான்காவது கோட்டை விரலால் தடவினார். உள்ளே மனைவி வேடத்தில் புடவை கட்டியிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல் தன் வசனத்தைச் சொன்னார்: "யாரது?"

"நான்தான். குடிக்கல. நீ தெறக்கலனாலும் பரவால்ல, இங்கயே நிக்கிறேன்."

இது நாடகத்தில் இல்லாத வசனம். உபதேசியார் கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். நான் மேடைக்குப் பக்கத்தில் நின்று, மாதக்கணக்கில் வராத அழுகையை அழுதேன்.

அன்றைக்கே அண்ணி வந்துவிடவில்லை. அண்ணன் பங்குச் சாமியாரிடம் போய் இன்னொரு பத்து நாள் விரதம் கேட்டார். பிறகு இன்னொரு பத்து. அக்டோபரில் ஒரு முறை தவறிக் குடித்துவிட்டார். மறுநாள் தானே சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டு, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அண்ணியும் ரோசியும் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். அண்ணன் முதலில் செய்த காரியம், ரோசியை நிலையோரம் நிறுத்தி, விட்டுப்போன ஐந்தாவது கோட்டைப் போட்டதுதான்.

என் பட்டியலில் நாடகம் இல்லை. கதவும் இல்லை. கற்பனை இல்லாத என் கையையும், ஊர் சிரிப்பதற்காக எழுதிய ஒரு கதையையும் எடுத்து ஆண்டவர் என் அண்ணனைத் திருப்பினார். அன்பானவர்களே, உங்கள் பட்டியலில் எல்லாம் அடிபட்டுப் போயிருந்தால் பயப்படாதீர்கள். கடைசி வரியை அவரிடம் விட்டுவிட்டு, கையில் இருக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள்.

இப்போது எண்பத்து நான்காம் ஆண்டு. ரோசியின் பத்தாவது கோடு என் தோளைத் தொடுகிறது.