ஏழாவது பீரியடைத் தர மாட்டேன்

பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பு என்பது பொதுச் சொத்து. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். பாட்டு, தையல், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் வேலை பார்ப்பது திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவில் கணக்குக்குப் பதிலாக ஓவியத்தைப் பாடமாக எடுக்கலாம். போன வருஷம் எடுத்தவர்கள் ஆறு பேர். வாரத்தில் மூன்று நாள் ஏழாவது பீரியட் எங்களுடையது. பௌர்ணமி வந்தால், கிரிவலக் கூட்டம் சேருவதற்குள் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் வெட்டுவதும் அதைத்தான். செய்முறைத் தேர்வுக்குள் ஒவ்வொருவரும் பத்துப் படங்கள் கொண்ட தொகுப்பை முடித்தாக வேண்டும். ஆறு பேரில் யாஸ்மின் என்ற பெண்ணுக்கு அது மதிப்பெண்ணோடு முடிகிற விஷயம் இல்லை. அவள் சென்னையில் ஓவியக் கல்லூரிக்குப் போக நினைத்தாள். வேறு எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பம் வாங்குவதாக இல்லை என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டாள். அந்த வருஷம் ஒரு பீரியடைக்கூட யாருக்கும் தருவதில்லை என்று நான் முடிவுசெய்தது அன்றுதான்.

முதல் நாள்

இயற்பியல் ஆசிரியர் சேகர் நல்ல மனிதர். என் வகுப்பைக் கேட்கும்போது என் தோளில் கைபோட்டுத்தான் கேட்பார். “உங்க ஆறு பேரும் பிசிக்ஸ்ல ரொம்ப வீக்கு சார். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குடுங்க” என்றார். அவருடைய ஒரு நாள் எவ்வளவு நீளம் என்பது எனக்குத் தெரியும். அதற்கு முந்தின வருஷம் அது ஆகஸ்டில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது.

தர முடியாது, பாடம் இருக்கிறது என்றேன். அவர் கோபப்படவில்லை. உடம்பு சரியில்லாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார், திடீர்னு பாடம்லாம் எடுக்க ஆரம்பிச்சிட்டீங்க?”

முக்கோணம்

மலையை வரையச் சொன்னேன். ஆறு பேரும் இரண்டு முக்கோணம் போட்டு நடுவில் சூரியனை வைத்தார்கள். வகுப்பு ஜன்னல் முழுக்க மலை. பிறந்ததிலிருந்து தினமும் பார்க்கிற மலை. ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. மலையில் எங்கே முக்கோணம் இருக்கிறது, எங்கே இரண்டு இருக்கிறது என்று கத்தினேன். ஜன்னலுக்கு நேராக நாற்காலிகளைத் திருப்பிப் போட்டேன்.

அப்போதும் தினேஷ் பென்சிலை எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்தே படித்த பையன். குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

“சார், பார்த்து வரைஞ்சா காப்பி அடிச்சதா ஆயிடாதா?”

பூசணிக்காய்

பித்தளைக் குடம், கசங்கிய துணி, நாலு கத்தரிக்காய், பெரிய பூசணிக்காய் ஒன்று. மேசைமேல் அடுக்கி வைத்தேன். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழ இரண்டு ஜன்னலைச் சாத்தினேன். முதல் நாள் கோட்டுருவம், மறுநாள் வண்ணம். மறுநாள் போனால் குடமும் துணியும் மட்டும் இருந்தன.

விடுதிச் சமையல் பார்க்கும் கன்னியம்மாளிடம் கேட்டேன். கொஞ்சமும் ஒளிக்கவில்லை. காய் வீணாகப் போகிறதே என்று எடுத்துப் போனாராம். ஆறு பேருடைய படமும் பாதியில் நிற்கிறது என்று சண்டை போட்டேன். கரண்டியைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

“இன்னிக்கி சாம்பார் சூப்பரா இருக்குனு அத்தினி பசங்களும் சொல்லிச்சிங்க சார். உங்க படத்த அப்படி யாராச்சும் சொல்லிக்கிறாங்களா?”

செங்கம் சாலையில்

வெளியில் போய் வரைய எழுத்துமூலம் அனுமதி வாங்கி, ரமணாசிரமத்துப் பக்கம் ஆறு பேரையும் கூட்டிப்போனேன். டீக்கடை எதிரே ஒரு வெள்ளைக்கார அம்மாள் பலகை விரித்து வேப்பமரம் ஒன்றை வரைந்துகொண்டிருந்தார். கடைக்காரர் அவருக்கு ஸ்டூல் போட்டிருந்தார். தண்ணீர் வைத்திருந்தார். முன்னால் நிறுத்திய ஆட்டோவைத் தள்ளிப்போகச் சொன்னார்.

நாங்கள் அதே மரத்துக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்தோம். அதே கடைக்காரர் வந்தார். “எந்த இஸ்கூலு? கிளாஸ் கட் அடிச்சிட்டு ரோட்ல குந்திகினு இன்னா பண்றீங்க?” இதுதான் வகுப்பு என்றேன். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டதுபோல் முறைத்தார். யாஸ்மின் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அண்ணா, அந்தம்மா எந்த இஸ்கூல கட் அடிச்சிட்டு வந்தாங்கனு கேட்டீங்களா?”

சுற்றறிக்கை

ஜனவரியில் முதல்வர் மேடத்திடமிருந்து சுற்றறிக்கை வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு ஓவிய பீரியடுகள் மூன்றும் இனி இயற்பியல் திருப்புதலுக்கு. செய்முறைத் தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. யாஸ்மினுக்கு நாலு படம் பாக்கி, மற்றவர்களுக்கு அதற்கும் மேல். எல்லா ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டார்கள். நான் என் பெயருக்கு நேரே ‘படித்தேன், ஏற்கவில்லை’ என்று எழுதினேன். மறுநாள் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதற்கும் அதே இரண்டு சொல்லைத்தான் எழுதினேன். ஏழாவது பீரியடில் ஓவிய அறையைத் திறந்துவைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் யாஸ்மினின் அம்மா வந்தார். தேரடி வீதிப் பக்கம் தையல் கடை வைத்திருப்பவர். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்து அப்படியே வந்திருந்தார். என்னையும் முதல்வர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஓவியத்தில் சுலபமாக மார்க் வாங்கிவிடலாம், இயற்பியல்தான் முக்கியம் என்று மேடம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகவே கேட்டார். பிறகு, “பிசிக்ஸுக்கு எத்தினி மார்க்குங்க மேடம்?” என்றார். நூறு. “இந்தப் படம் வரையறதுக்கு?” மேடம் என்னைப் பார்த்தார். நான் அளவு நாடாவைப் பார்த்தேன். அதுவும் நூறு என்று அவரேதான் சொல்ல வேண்டியிருந்தது.

“அப்ப எந்த நூறு ஜாஸ்தி, எந்த நூறு கம்மினு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க மேடம். கடைல மாட்டி வெக்கிறேன், வர்றவங்கல்லாம் படிக்கட்டும்.”

வாசலில் ஒரு பேனர்

மூன்றில் இரண்டு பீரியட் திரும்பி வந்தது. மூன்றாவதை நாங்களே மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துக்கொண்டோம். ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் தூரிகை. ஆறு பேரும் தொகுப்பை முடித்தார்கள். யாஸ்மினின் பத்தாவது படம் தேர்வாளர் கையில் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டது. சென்னையில் நுழைவுத் தேர்வு எழுதினாள். இடம் கிடைத்தது.

அடுத்த வாரமே மேடம் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளி வாசலில் வைக்கப்போகும் பேனரில் மருத்துவம் கிடைத்த இரண்டு பேரோடு யாஸ்மினின் படமும் வருகிறதாம். எனக்கு எதிர் நாற்காலியைக் காட்டினார், காபி வரவழைத்தார். மெமோவைப் பற்றிப் பேச்சே இல்லை. பாதிக் காபியில் விஷயத்துக்கு வந்தார்.

“பேனர் டிசைன் மட்டும் நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க சார். இந்த வருஷப் பசங்கள வெச்சிக்குங்க, ஏழாவது பீரியட்லயே முடிச்சிடலாம்.”

இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு வெளிச்சமும் நிழலும் சொல்லிக்கொடுத்ததில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது, ‘முடியாதுங்க மேடம்’ என்பதை உட்கார்ந்தபடியே, காபியையும் முழுசாகக் குடித்துக்கொண்டே சொல்லலாம் என்பதுதான்.