தலைகீழாய்த் தெரிந்த டவர்

ஏறாவூரில் ஒருவனைக் கேலி செய்யப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. குளிர்சாதனப் பெட்டி திருத்தும் ஹில்மியோ காரணங்களைக் கையோடு கொண்டுவந்தான். கட்டாரில் வெல்டிங் பொறி பட்டு வலது கண் போய்விட்டது. மிஞ்சிய இடது கண்ணோடு ஊர் திரும்பியவன் ஒரு தொலைநோக்கியும் கொண்டுவந்தான்.

"ஒத்தக் கண்ணுக்கு ஒத்தக் குழாய், பொருத்தம்தான்" என்றார் மீன் ஏலம் கூறும் உதுமாலெப்பை. எல்லோரும் சிரித்தார்கள். ஹில்மியும் சிரித்தான், வேறென்ன செய்வது?

அவனுக்கு ஒரே ஆசை. ரமழான் நோன்பு இருபத்தொன்பதில் பெருநாள் பிறை பார்க்க வாவிக்கரையில் கூடும் கூட்டத்துக்கு, பிறை நிற்கும் இடத்தை அவன் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். அங்கே வெறுங்கண்ணால் கண்டால்தான் சாட்சி. எங்கே பார்ப்பதென்று சொல்லத்தான் தொலைநோக்கி. ஒரு தடவை காட்டிவிட்டால் ஒற்றைக் கண்ணன் என்ற பெயர் போய்விடும் என்று நம்பினான். ஊர்மீது அவனுக்கு அவ்வளவு நல்லெண்ணம், பாவி.

பெரிய குழாயில் தெரிவது வானத்தின் ஒரு பொட்டு. குறி பிடிக்க அதன் முதுகில் ஒரு பைண்டர் வேண்டும். கூடவே வந்த பைண்டர் ஒரு கண்ணாடித் துண்டு. அதில் சிவப்புப் புள்ளி ஒன்று தெரியும், புள்ளியை வைத்த இடத்தில் குழாய் நிற்கும். இருட்டில் நட்சத்திரம் பிடிக்க அது அருமை, மாலை வெளிச்சத்தில்தான் புள்ளி மங்கிவிடும். போன வருடம் உதுமாலெப்பை அதில் குனிந்து பார்த்து, "இது புள்ளைகள்ற விளையாட்டுத் துவக்குச் சாமான்தானே?" என்று துப்பாக்கி பிடிப்பதுபோல் கை காட்டினார். அந்த வாரமே ஹில்மி அதைக் கழற்றிவிட்டு, குறுக்குக் கம்பி போட்ட சிறு தொலைநோக்கி ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்துப் பூட்டினான். அது எதையும் பெரிதாகக் காட்டும், தலைகீழாகவும் காட்டும்.

"இரிக்கிறது ஒரு கண். அத வெச்சுப் பொழைக்கிற வழியப் பாருங்க" என்றாள் மனைவி நஸீபா.

"ஊருக்கு ஒருக்காக் காட்டணும் புள்ள."

"ஊரு உங்களுக்கு என்னத்தக் காட்டினிச்சு?"

இந்த வருடம் அந்த நாளில் மாலை அஸர் தொழுதுவிட்டு வாவிக்கரையில் முக்காலியை நட்டான். அக்கரையில் நிற்கும் தொலைபேசி டவரின் நுனியைப் பெரிய குழாயில் பிடித்து, பைண்டரின் குறுக்குக் கம்பியையும் அதே நுனியில் வைத்துத் திருகாணியை இறுக்கினான். உதுமாலெப்பை வந்து, பேச்சுவாக்கில் அதன்மீதே சாய்ந்தார். குழாயும் திரும்பியது, குறியும் கலைந்தது.

"காக்கா, கைய எடுங்க!" என்றான் ஹில்மி, மூத்தவரை அண்ணன் முறை வைத்து.

"என்ன தம்பி, தொட்டாக் கரையிற சாமானா?"

மறுபடி டவரைத் தேட வேண்டும். சூரியன் டவருக்குச் சற்று மேலே மேகத்துக்குள் இருந்தது. மேகம் இருக்கும்வரை பயமில்லை என்று நினைத்தான். பசி, தாகம், சுற்றிலும் சிரிப்பு. பைண்டரில் கண்ணை வைத்தான். வட்டத்தின் மேல் ஓரத்தில் டவர் தலைகீழாகத் தெரிந்தது. மேலே தெரிவதை நடுவுக்குக் கொண்டுவர எவனும் செய்வதையே செய்தான், குழாயை மேலே தூக்கினான். தலைகீழ்க் கண்ணாடியில் கீழே இறக்கியிருக்க வேண்டும். டவர் விலகியது. மேகமும் விலகியது. குறுக்குக் கம்பியின் நடுவில் சூரியன் வந்து நின்றது.

வலிக்கவே இல்லை, அதுதான் கொடுமை. கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றான். சூரியன் மறைந்ததும் உதுமாலெப்பையே வெறுங்கண்ணால் பிறையைக் கண்டு கத்தினார். அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. ஆளை ஆள் கட்டித் தழுவினார்கள்.

"எங்க காக்கா? எங்க?" என்று கேட்டான் ஹில்மி.

"குழாய்க்காரனுக்குப் பிறை தெரியல்லியாம்!" என்று யாரோ கூவ, கூட்டம் சிரித்தது.

பெருநாள் முடிந்தும் அந்தச் சிரிப்பு ஓயவில்லை. மட்டக்களப்பில் கண் வைத்தியர், சூரியன் சுட்ட பார்வை இனித் திரும்பாது என்றார். ஓரங்கள் தெரியும், எதை நேராகப் பார்க்கிறானோ அந்த இடம் மட்டும் கறுப்பு. வீட்டாரிடம் கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லிவைத்தான்.

இப்போதெல்லாம் நஸீபா சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தால் அவன் சுவரைப் பார்க்கிறான். சுவரைப் பார்த்தால்தான் ஓரத்தில் அவள் முகம் தெரிகிறது.

"என்னோட என்ன கோவம்? மூஞ்சயப் பாத்துக் கதைக்கேலாதா?" என்று நேற்று அழுதாள்.

அவளுக்காக ஹில்மி திரும்பினான். அவள் முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை.