நாடிக்குக் கீழே ஒரு விரல்

சீருடைக் கோட்டில் ஒரு கை உள்ளே, மறு கை வெளியே. உடைமாற்றும் அறைக் கண்ணாடியின் முன் நின்று, சரோஜினிதேவி அக்கா முகத்தைச் சற்று உயர்த்தி, நாடிக்குக் கீழே விரலை வைத்து அழுத்துகிறார். "கெல்டிக். கெல்டிக்." சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் 'க' சொல்லிக்கொடுக்கிற அதே விரல்தான். "அடிநாக்கு எழும்புறது விரலுக்குத் தெரியோணும். தெரியாட்டி அது க இல்லை."

கோப்பன்ஹேகனில் ஓர் அருங்காட்சியகத்தில் பதினாறு வருடமாகக் காவல் நிற்கிறார். அதே கட்டடத்தில் கோப்பி ஊற்றுகிறவள் நான். இரும்புக்கால வெள்ளிப் பாத்திரங்கள் இருக்கும் அறை அவருடையது. கண்ணாடிப் பெட்டியில் மூக்கை ஒட்டுகிறவர்களை ஒரு செருமலிலேயே பின்னால் தள்ளிவிடுவார். அந்தப் பாத்திரங்களில் உருவம் பதிந்திருக்கிற, கெல்டிக் என்கிற பழைய ஐரோப்பியச் சனத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தார். தேர்வு எழுதித் தேறி, ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலச் சுற்றுக்கு வழிகாட்டியும் ஆனார். ஒரே ஒரு ஞாயிறு.

அன்றைக்குத்தான் பொறுப்பாளர் நிக்கலஸ், இருபது பேருக்கு முன்னால் சிரித்துக்கொண்டே திருத்தினான்: "செல்டிக், சாரோ." அடுத்த கிழமை சுற்றைத் தானே எடுத்துக்கொண்டான். அக்காவின் உச்சரிப்புப் போதாதாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டேனிஷில் 'கெல்டிஸ்க்' என்று ஒழுங்காகச் சொல்லுகிற வாய்தானே அது?

அக்கா ஆங்கில அகராதியைக் கொண்டுபோய் அவன் மேசையில் விரித்தார். இரண்டு உச்சரிப்பும் போட்டிருந்தது, 'கெ'தான் முதலில். பார்த்துவிட்டு, இரண்டும் ஒன்றுதானே, இதெல்லாம் ஒரு விஷயமா என்றான். இரண்டும் ஒன்றென்றால் எதற்கடா சுற்றைப் பறித்தாய்?

"பந்தடிக்கிற கிளப் ஒண்டு தன்னைச் செல்டிக் எண்டால் அது அவையின்ர பேர், அவையின்ர விருப்பம். நானும் அப்பிடியே சொல்லுவன்." மத்தியானம் என்னோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த அக்கா பாண் பெட்டியை அடித்து மூடினார். "இந்தச் சனம் தங்களைக் 'க' போட்டுத்தான் சொன்னதாம். செத்த சனம் எழும்பி வந்து திருத்துமே? உயிரோட இருக்கிற நாங்கள்தான் சரியாச் சொல்லோணும். விசரன், என்ர பேரையே பாதியில முறிச்சவன்."

"விடுங்கோ அக்கா, வேலைக்கு வினையாப் போயிடும்."

"நீ போய்க் கோப்பியை ஊத்து."

சுற்று நடக்கும்போது காவலர் வாய் திறக்கக் கூடாது. அது அங்கே சட்டம். என் கோப்பி மேசையிலிருந்து அந்த அறை நேரே தெரியும். போன ஞாயிறு நிக்கலஸ் பெட்டியின் முன் நின்று செல்டிக், செல்டிக் என்று அடுக்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், சுவரோரம் அக்கா. நாடிக்குக் கீழே விரலை வைத்தார். சத்தமில்லாமல் வாய் மட்டும் 'கெ' என்றது.

முன்னால் நின்ற கிழவர் ஒருவர் கவனித்தார். தானும் விரலை நாடிக்குக் கீழே கொண்டுபோனார். பக்கத்தில் நின்ற பெண்ணும் வைத்துப் பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டு பேர். நிக்கலஸ் பேச்சை நிறுத்தித் திரும்பினான்.

அக்கா விரலை எடுக்கவில்லை.