சக்கரத்தில் தேய்ந்த பெயர்

பாலீஷ்காரர் என்றால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். பட்டறையில் மூன்று மோட்டார், ஆறு சக்கரம். துருவேறிய குழாய், மாடிப்படிக் கைப்பிடி, வண்டிச் சாமான் என்று எது வந்தாலும் மாலைக்குள் கண்ணைப் பறிக்கும். "முகம் பாத்து சவரம் பண்ணிக்கலாம், எடுத்துட்டுப் போங்க" என்பார். வாய்ச்சவடால் இல்லை, நிஜமாகவே பண்ணிக்கொள்ளலாம்.

அவருடைய அண்ணன் கப்பலில் மெக்கானிக்காக இருந்து, ஓய்வு பெற்ற மறு வருடமே போய்ச் சேர்ந்தார். அவருடைய பெட்டியை ஒழித்துக்கொண்டிருந்த அண்ணி, ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றார். கையில் அண்ணனின் சட்டை, அதற்குள் சுற்றி வைத்த இரும்புத் தகடு.

"தம்பி, இது எந்த மெஷினோட பாகம்னு கொஞ்சம் பாருங்க. உங்க அண்ணன் இதைப் போய் நல்ல சட்டைக்குள்ள வெச்சிருக்காரு."

உள்ளங்கை அகலத்துக்கு வட்டமான தகடு, கறுப்பும் பழுப்புமாக. விளிம்பை ஒட்டி அலைகள் போல வெட்டியிருந்தது. நடுவில் ஆப்பு வடிவில் ஒரு துளை, பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னத் துளைகள். நடுத்துளையின் இடப்பக்கம் கோழி கிளறியது போலச் சில கீறல்கள். பார்த்துச் சொல்கிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

அண்ணி கேட்டது என்ன பாகம் என்று மட்டும்தான். ஆனால் அண்ணன் வைத்திருந்த பொருளை அழுக்கோடு திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. முதலில் கம்பி பிரஷ், பிறகு எமரி சக்கரம், கடைசியாகத் துணிச் சக்கரம். கீறல்கள் மட்டும் போகாமல் அடம்பிடித்தன. கொஞ்சம் அழுத்திப் பிடித்தார், அவையும் போயின. எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். "என்ன பாகம்னு தெரியல அண்ணி, ஆனா பாருங்க" என்று நீட்டியபோது அண்ணிக்கு வாயெல்லாம் பல். அன்றைக்கே அது கண்ணாடி அலமாரிக்குப் போனது.

அந்த வடிவம் அவர் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒரு மத்தியானம் சாப்பாட்டு வேளையில் செல்போனில் துழாவியபோது கிடைத்தது: ஜப்பானிய வாளின் காப்புத் தகடு. அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டி, கை வழுக்கி அலகின் மேல் போகாமல் காப்பது. ட்சுபா என்று பெயராம். நடுத்துளை வாளுக்கு, பக்கத்துத் துளைகள் உறையோடு வரும் சின்னக் கத்திக்கும் ஊசிக்கும். அங்கிருந்த படங்களைப் பார்க்கப் பார்க்க, ஒரு கொல்லன் இத்தனூண்டு இரும்பில் அலையும் கொக்கும் மழையும் வெட்டியிருக்கிறானே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அசல் ஒன்று கையில் கிடைத்ததும் அண்ணியிடம் காட்டிச் சொல்லலாம் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பழைய சாமான் சந்தைக்குப் போய்விட்டார். முதலில் வாங்கியது போலி. வீட்டுக்கு வந்து துளைகளின் உட்புறம் விரலை விட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அச்சில் வார்த்த தையல் கோடு. முப்பது வருடம் இரும்பைத் தடவிய விரல் ஏமாந்தது அவருக்கே சிரிப்பாக வந்தது. ஆறு வாரம் கழித்து இரண்டாவது கிடைத்தது. நடுத்துளையின் மேலும் கீழும் செப்புத் துண்டு செருகியிருந்தது. வாள் ஆடாமல் நிற்க யாரோ துளையைச் சுற்றி உளியால் தட்டியிருந்தார்கள். துரு கெட்டியாகத் தோல் போலப் படிந்திருந்தது. அசல்.

அதை எப்படிப் பாதுகாப்பது என்று படித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்தக் கறுத்த தோல்தான் தகட்டின் உயிராம். தேய்க்கவே கூடாதாம். நடுத்துளையின் இடப்பக்கம் கீறல் இருந்தால், அது செய்தவனின் பெயராம்.

அண்ணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று அன்று மாலையே புறப்பட்டார். போய், டீ குடித்து, வேறு கதை பேசிவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரமும் அப்படித்தான். நாலு மாதம் ஓடிவிட்டது.

பொதுமக்கள் தங்களிடமுள்ள பழைய பொருட்களைக் கொண்டுவந்து காட்டலாம் என்று அருங்காட்சியகத்தில் ஒரு நாள் அறிவித்தார்கள். அண்ணி விடாப்பிடியாகக் கிளம்பினார். "என்னன்னே தெரியாம எத்தனை நாள் துடைச்சு வெக்கிறது? நீங்களும் வாங்க தம்பி." அவர் சொன்ன சாக்குப்போக்கு எதுவும் எடுபடவில்லை. போனார். போகும்போது தன்னுடைய தகட்டையும் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்த ஆசையை என்னவென்று சொல்வது!

மேசைக்குப் பின்னால் வெள்ளைக் கையுறை போட்ட அதிகாரி அம்மா அண்ணியின் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை யார் தேய்ச்சது?"

பாலீஷ்காரர் மேசை மேலிருந்த அட்டைகளைப் பார்த்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாம்மா தேய்க்கச் சொன்னேன்."

"ஏம்மா? இங்க பாருங்க, ரெண்டு கோடு மிச்சம் இருக்கு. இதுல ஒருத்தரோட பேர் இருந்திருக்கு. எந்த ஊரு, எந்தக் காலம், எல்லாம் சொல்லியிருக்கலாம். இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது."

"தெரியலம்மா" என்றார் அண்ணி. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கின பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல். அதிகாரி ஒரு அட்டையில் எழுதினார்: உரிமையாளர் தேய்த்ததால் கையெழுத்து அழிந்தது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவர் சட்டைப்பையில் கையை விட்டார். "அம்மா, இதையும் கொஞ்சம் பாருங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அட! அருமையா இருக்கே. தேய்க்காம அப்படியே வெச்சிருக்கீங்க பாருங்க, அதுதான் விஷயம். நல்ல கண்ணு உங்களுக்கு." பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பாலீஷ்காரரின் காது மடல் கொதித்தது. அண்ணி அந்தத் துருப்பிடித்த தகட்டைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்ததும் அண்ணி கேட்டார்.

"தேய்க்கக் கூடாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"உங்களுதைத் தேய்ச்சதுக்கு அப்புறம்தான் அண்ணி. சத்தியமா."

"அதைக் கேக்கல. எத்தனை நாளா தெரியும்?"

"நாலு மாசமா."

"நாலு மாசத்துல எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருப்பீங்க?" என்றார் அண்ணி. "நீங்க தெரியாம தேய்ச்சீங்க. அதுக்காகத்தான் அந்த அம்மாகிட்ட உங்களைக் காட்டிக்கொடுக்கல. கூட வந்த மனுஷன் தலைகுனியக் கூடாதுன்னு நினைச்சேன்."

தம்பி என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

மூன்றாம் நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு அருங்காட்சியகத்துக்குத் தனியாகப் போனார். அதிகாரிக்கு அவரை நினைவிருந்தது. "புதுசா ஏதாவது கிடைச்சுதா?" என்று ஆவலாகக் கேட்டார்.

"இல்லம்மா. அன்னைக்கு அந்த அட்டையில தப்பா எழுதிட்டீங்க. தேய்ச்சது நான். அவங்க தேய்க்கவே சொல்லல. பக்கத்துல நின்னுக்கிட்டு சும்மா இருந்துட்டேன்."

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு அவரையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அலமாரியைத் திறந்து அந்த அட்டையை எடுத்து, எழுதியிருந்ததை அடித்தார். "இப்ப என்னன்னு எழுதறது?"

"பாலீஷ் பட்டறைக்காரர் கேக்காம தேய்ச்சதுன்னு எழுதுங்க."

அப்படியே எழுதி, ஒரு நகலும் கொடுத்தார். அதையும் தன்னுடைய அசல் தகட்டையும் எடுத்துக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போனார். அண்ணி நின்றபடியே நகலைப் படித்து, மடித்து, மேசை இழுப்பறையில் வைத்தார். தகட்டை மட்டும் வாங்கவில்லை.

"இது எதுக்கு எனக்கு? உங்க அண்ணன் வெச்சிருந்தது இது இல்லையே."

இப்போது பேசிக்கொள்கிறார்கள். குழாய் ஒழுகினால் அண்ணி போன் செய்வார். அவர் போய்ச் சரிசெய்துவிட்டு, வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கும் போகிறார். ஏழு தகடுகள் சேர்ந்திருக்கின்றன, ஒன்றைப் பற்றியும் அண்ணியிடம் சொன்னதில்லை.

சென்ற மாதம் அதிகாரி அம்மா கூப்பிட்டார். அடுத்த முறை மக்கள் கொண்டுவரும் இரும்புச் சாமான்களைப் பார்த்துச் சொல்ல, தன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறேன், வர முடியுமா என்று கேட்டார். அன்றைக்குப் பட்டறையில் வேலை நெருக்கடி என்று சொல்லிவிட்டார். அந்த நாள் வந்தபோது ஒரு வேலையும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மோட்டார் போடாமல், சாயங்காலம்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.