கடைசிப் பெட்டியின் குலுக்கல்

கணினியில் ரயில் ஓட்டும் விளையாட்டு என்றால் எனக்குப் பைத்தியம். பகலெல்லாம் சிறுசேரியில் மென்பொருளில் பிழை தேடுகிற வேலை. வீட்டுக்கு வந்தாலும் அதே புத்திதான். அந்த விளையாட்டில் சரக்கு ரயிலின் கடைசியில் வரும் பிரேக் வேன், அதாவது கார்டு ஏறி வருகிற பெட்டி, வெறும் தகர டப்பாவாக இருந்தது. உள்ளே இருக்கை இல்லை, கைப்பிரேக் சக்கரம் இல்லை. என் வீட்டுக்காரரோ செங்கல்பட்டு வழியாகப் போகிற சரக்கு ரயில்களில் கார்டு. அவருக்கு உட்கார இடமே இல்லையென்றால் எனக்குக் கோபம் வராதா? நானே ஒரு வேன் செய்து சேர்ப்பது என்று இறங்கிவிட்டேன்.

உள்ளூர இன்னொரு ஆசையும் இருந்தது. டியூட்டியில் இந்த மனுஷன் என்னதான் செய்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டால் ஒரே பதில்: "சும்மா குந்திக்கினு வர்ற வேலதான்."

சும்மா குந்திக்கொண்டு வருகிறவருக்கு ஏன் அப்படி இடுப்பு வலிக்கிறது? முதலில் பைக்கைக் குற்றம் சொன்னார். அப்புறம் மெத்தையை. மெத்தையையும் மாற்றிப் பார்த்தோம். டாக்டரிடம் போகலாம் என்றால் மட்டும் காது கேட்காது.

வேன் வேலை தொடங்கியதும் என்னைவிட அவருக்குத்தான் குஷி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்துவார். தண்ணீர் பாட்டிலை நான் தரையில் வைத்திருந்தேன்.

"கம்பில மாட்டு. கீழ வெச்சா உருண்டுக்கினு பூடும்."

"அவ்வளவு ஆடுமா மச்சான்?"

"லைட்டா ஆடும்," என்று பேச்சை மாற்றினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி சாப்பிட்ட மத்தியானம், குலுக்கலைச் சேர்த்தேன். முன்னால் இன்ஜின் இழுத்ததும் பெட்டிகளுக்கு நடுவே உள்ள இணைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இறுகும். அந்தச் சத்தம் பெட்டி பெட்டியாகப் பின்னால் ஓடிவந்து, கடைசியில் கார்டு பெட்டியை அடித்து உலுக்கும். கார்டின் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல் திரையை வைத்து ஓடவிட்டேன்.

"இப்ப சரியா?"

"இன்னும் ஏத்து."

ஏற்றினேன். திரையைப் பார்த்த எனக்கே தலை சுற்றியது.

"இது போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

ஏற்றிவிட்டு மறுபடி ஓடவிட்டேன். சத்தம் தூரத்தில் கிளம்பியது. அது கடைசிப் பெட்டிக்கு வந்து சேருவதற்குள் அவர் கை மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டது. உடம்பு விறைத்தது. திரை குலுங்கியபோது, அசையாத பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனுஷன் வலியில் முகம் சுளித்தார்.

"கரெக்டா கீது. நிறுத்துடி."

நிறுத்தினேன். "தெனம் இதுல வந்துக்கினு, மெத்தைய கொற சொன்னீங்களே மச்சான்?"

மேசை விளிம்பை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "டாக்டராண்ட போனா வண்டிய வுட்டு எறக்கிருவாங்க. அப்பால எதுனா ஆபீசு மூலைல குந்த வெச்சிருவாங்க. வெட்டவெளிய பாத்துக்கினு தனியா போறதுதான் எனக்குப் புடிக்கும். அது பூட்டா எனக்குப் பேஜாரு."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "நடக்கவே முடியாம பூட்டா எந்த வண்டில ஏறுவீங்க?" என்று கத்திவிட்டேன். டாக்டரிடம் வரமாட்டேன் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மறுநாள் லீவு போட்டேன். பைக் சாவியை ஒளித்துவைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியில் ஒவ்வொரு வேகத்தடைக்கும், டிரைவர் பிரேக் போடுவதற்கு முன்பே, அவர் கை கம்பியைத் தேடிப் போயிற்று. அந்தக் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி வாசல் வரை நான் விடவில்லை.