அமெரிக்காவுக்குப் பூக் கேட்டோம்

மகள் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதிலிருந்து, அந்த நாட்டு அரசியலை எங்கள் மலையூரான செம்மேட்டில் என்னளவு கரைத்துக் குடித்தவர்கள் யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன். டிவியில் பார்த்ததோ பெரும்பாலும் ஒரே காட்சி. கோட்டுப் போட்ட போதகர்கள் ஒரு வேட்பாளரைச் சுற்றி நின்று, தலையிலும் தோளிலும் கை வைத்து, கண்ணை மூடி ஜெபிப்பார்கள். இவரைக் கடவுளே தேர்ந்தெடுத்துவிட்டார் என்பார் ஒருவர். பேய்ப்படத்து இசையை நம் சேனல் தன் செலவில் சேர்த்திருக்கும்.

"படிச்ச நாடாம்!" என்று தலையில் அடித்துக்கொள்வேன். நான் அறிவியல் டீச்சர்.

ஒரு நாள் காலை, மகள் இருக்கும் மாநிலம் என்று சொல்லி, சிலுவையும் துப்பாக்கியுமாக ஒரு கூட்டத்தைக் காட்டினார்கள். அவளுக்குப் போன் போகவில்லை. சாயங்காலம்தான் கூப்பிட்டாள். அவள் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவோடு சர்ச் விருந்துக்குப் போனாளாம்; அணைத்த போனைத் திரும்பப் போட மறந்துவிட்டாளாம். அந்த அம்மாவின் ஓட்டும் அந்த வேட்பாளருக்குத்தான். "சூப்பரா சமைக்கிறாங்கம்மா," என்று சிரித்தாள். எனக்கு அந்தப் பயம் இன்னும் விடவில்லை. போன் அடித்தால் இப்போதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுகிறேன்.

விடுமுறைக்கு வந்தவளைத் திரும்ப அனுப்பக் கூடாது என்று முடிவு செய்தேன். போயே தீருவேன் என்றாள் அவள். மிளகுக் கொடியைத் தவிர வேறெதிலும் தலையிடாத என் கணவர், "சாமிகிட்டப் பூக் கேட்டுரலாம்," என்றார்.

கல்யாணமோ கிணறோ, எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். சாமி முன்னால் குலுக்கிப் போட்டு ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. போன உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் ஊராட்சித் தலைவர் வெள்ளைப் பூ வந்த பிறகுதான் வேட்பாளராக நின்றார். அதற்கு யாரும் பேய்ப்பட இசை போடவில்லை. எனக்கும் அது செய்தியாகத் தோன்றவில்லை.

சிவப்பு வரும் என்ற தைரியத்தில் கோயிலுக்குப் போனேன். வெள்ளை வந்தது.

"சரியாக் குலுக்கலைங்க," என்றேன் பூசாரியிடம். "இன்னொருக்கா கேளுங்க."

"ஏனுங்க டீச்சர், சாமி என்ன பரீட்சையா எழுதியிருக்குது, மறுகூட்டல் போடறதுக்கு?"

முனகிக்கொண்டே கேட்டார். மறுபடியும் வெள்ளை. மூன்றாவது தடவைக்கு வாயெடுத்தேன்.

"விடும்மா," என்றாள் மகள். "எங்க வீட்டுக்காரம்மாவும் இப்படித்தான். பிடிச்ச பதில் வர்ற வரைக்கும் ஜெபம் பண்ணுவாங்க."

என் கணவர் அவசரமாக வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

கோயில் வாசலிலேயே அவள் போன் அடித்தது. அந்த அம்மாதான். அவர்கள் டிவியில் இந்தியத் தேர்தலைக் காட்டினார்களாம்: சாமி கொடிகள், கத்தல், ஊர்வலம். உங்கள் ஊரில் பயமில்லையா, சீக்கிரம் வந்துவிடு, எங்கள் சர்ச்சில் எல்லாரும் உனக்காக ஜெபிக்கிறோம் என்றாராம்.

"என்ன பதில் சொன்னே?"

"எங்கம்மாவும் உங்களை நினைச்சுத்தான் பயப்படறாங்கன்னு சொன்னேன்."

அடுத்த வாரம் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு மூவரும் போனோம். "போய்ட்டு வா கண்ணு. போனை மட்டும் அணைக்காதே," என்றேன். நானும் அவரும் அவள் தலையில் கை வைத்துக் கண்ணை மூடி நின்றோம். கண்டக்டர் விசில் ஊதும் வரை கையை எடுக்கவில்லை. யாராவது படம் பிடித்திருந்தால், அந்த இசையை மட்டும் சேர்த்தால் போதும்.