பூட்டியிருந்தால் ஆள் இல்லை

சில ஆண்டுகளுக்கு முன், நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்களில் பழுது பார்க்கும் ஒரு ஒப்பந்தக்காரருக்குப் புகார் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். குடியிருப்பவர் புகார் கொடுப்பார். கொத்தனார் போய்ப் பார்த்துவிட்டுச் செல்போனில் ஒரு பட்டனை அமுக்குவார். பட்டன்கள் இரண்டே: ‘வேலை முடிந்தது’, ‘வீடு பூட்டியிருக்கிறது’. எதை அமுக்கினாலும் புகார் முடிந்துவிடும். மாலையில் திரையில் ‘நிலுவை: 0’ என்று வரும். ஒப்பந்தக்காரர் அதைப் பார்த்துவிட்டு எனக்கு டீ சொல்வார். அதையும் நேரத்தோடு டைரியில் குறித்திருக்கிறேன்.

ஒரு புதன்கிழமை காலை 9.40-க்கு ஒரு பெண்மணி அலுவலகத்துக்கு வந்து, செய்தித்தாளில் பொதிந்திருந்த சிமெண்ட் காரையை என் மேசைமேல் வைத்தார். உள்ளங்கை அகலம் இருந்தது.

“கூரை ஒழுகுதுன்னு மூணு தடவை புகார் கொடுத்தேங்க. மூணு தடவையும் ‘ஆள் இல்லை, புகார் முடிந்தது’ன்னு மெசேஜ் வருது. ஆள் உள்ளதான் இருந்தாரு. இது அவர் தலகாணிக்குப் பக்கத்துல விழுந்தது. அடுத்தது தலைமேலயே விழுந்தா, அப்பவும் ஆள் இல்லைன்னுதான் அனுப்புவீங்களா?”

அவருடைய கணவர் சுரங்கத்தில் வேலை செய்பவர். அந்த வாரம் நைட் ஷிப்டு. மூன்று முறையும் போய் வந்த கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு மூவருமாகப் போனோம். வாசலில் பெரிய பூட்டு தொங்கியது. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“பூட்டித்தானேம்மா இருக்கு?”

“நான்தான் பூட்டினேன். இல்லாட்டி சேல்ஸ்காரன்லேர்ந்து கேபிள்காரன் வரைக்கும் பெல் அடிச்சே அவரை எழுப்பிடுவானுங்க. சார் இந்த ஊருதானே?”

இந்த ஊர்தான். மூன்று பிளாக் தள்ளிப் பிறந்தவன். அப்பா நைட் ஷிப்டு முடிந்து வந்து படுத்ததும் அம்மா முன்கதவை வெளியே பூட்டிவிடுவார். பள்ளி விட்டு வந்து பின்பக்கமாக, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனவன் நான். அத்தனையும் தெரிந்தவன்தான் நாற்பது பக்கத் திட்ட அறிக்கையின் பதினேழாம் பக்கத்தில் ‘பூட்டியிருந்தால் ஆள் இல்லை’ என்று எழுதினேன்.

கொத்தனாரிடம் கேட்டேன்: “உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் சார். நைட் ஷிப்டு ஆளைப் போய் எழுப்புவாங்களா? முடிஞ்சதுன்னு அமுக்கினா பொய். பூட்டுன்னு அமுக்கினா நெசம். நீங்க வேற பட்டன் குடுக்கலையே.”

பின்பக்கமாக உள்ளே போனோம். கட்டிலுக்கு மேலே கூரைக் காரை வயிறு மாதிரி உப்பியிருந்தது. கணவர் கட்டிலை விட்டுவிட்டுக் கூடத்தில் பாய்மேல் தூங்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் காதோடு சொன்னார்: “இன்னைக்கே தட்டி எடுத்துடணும். ஆனா இப்ப சுத்தியல் எடுக்க முடியாது.” கணவர் எழுந்து சாப்பிட்ட பிறகு, கட்டிலை நகர்த்திவிட்டு 3.30-க்கு வேலை தொடங்கியது. விழுந்த காரை இரண்டு சிமெண்ட் சாக்கு. கணவர் அதைப் பார்த்துவிட்டு, கட்டிலைப் பழைய இடத்திலேயே போடச் சொன்னார்.

அன்று மாலை, புகார் கொடுக்கும் பக்கத்தில் ‘வீட்டில் என்ன ஷிப்டு?’ என்ற கேள்வியைச் சேர்த்தேன். பூட்டியிருந்தால் புகார் முடியாமல், ஆள் விழித்திருக்கும் நேரத்துக்குத் தள்ளிப்போகும்படி மாற்றினேன். முன்பு ‘பூட்டு’ என்று முடித்தவற்றையும் திறந்துவிட்டேன்.

மறுநாள் திரையில் ‘நிலுவை: 63’. ஒப்பந்தக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“நல்லாத்தானே ஓடிக்கினு இருந்துச்சு? என்னத்தைக் கெடுத்து வச்சீங்க?”

அன்றைய டைரியில் ஒரே வரி: மென்பொருள் சரியாக வேலை செய்யத் தொடங்கியது, டீ இல்லை.